வாண்டர்பில்ட் 40, பாமா 35: புதுக் கோச் டிபோர் பற்றி எல்லாம் இங்கே பேசுங்கள்

கிரிம்சன்_கண்ணன் | அக்டோபர் 5, 2024, இரவு 7:31

ஆளாளுக்கு ஒவ்வொரு இழையில் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து கொட்டுங்கள்.

போன சனிக்கிழமை நம் பாமா (அலபாமா பல்கலைக்கழக அணி) அமெரிக்கக் கால்பந்தில் ஜார்ஜியாவை 41-34 என்று ஜெயித்து நாட்டின் முதல் இடத்தில் போய் உட்கார்ந்தோம். இந்தச் சனிக்கிழமை நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டிடம் தோற்றோம். பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. தரவரிசைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களில் இருக்கும் அணிகளுடன் வாண்டி இதுவரை 60 முறை ஆடி 60 முறையும் தோற்றிருந்தது. 61-வது முறை நாம் மாட்டினோம். பந்தயம் கட்டுகிறவர்கள் நாம் மூன்று டச்டவுன் (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 பாயிண்ட்) வித்தியாசத்தில் ஜெயிப்போம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். டிபோருக்கு முன் நம் கோச்சாக இருந்த சேபன் இன்னும் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

ஹூஸ்டன்_ஆனை | இரவு 7:33

நடந்திருக்காது. இழையை மூடிவிடலாம்.

வேளச்சேரி_டைட் | இரவு 7:40

இங்கே விடிந்துவிட்டது. ஒன்றே முக்கால் மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள்ளேயே 13-0. நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) மில்ரோ எறிந்த பந்தை அவர்களுடைய ஃபான்டனெட் பறித்துக்கொண்டு நேராக டச்டவுன் வரைக்கும் ஓடியபோதே படுக்கப் போயிருக்க வேண்டும். ஜார்ஜியா ஆட்டத்தில் நாம் 28-0 போட்டதை நினைத்துக்கொண்டு, இதுவும் திரும்பிவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசி வரை திரும்பும்போல்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மூன்றாம்_டவுன் | இரவு 8:15

சேபன் கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு எண்களைப் பாருங்கள்.

வாண்டியின் கையில் பந்து இருந்த நேரம் 42 நிமிடம் 8 நொடி. நம் கையில் 17 நிமிடம் 52 நொடி. ஒரு மணி நேர ஆட்டத்தில் நமக்குக் கிடைத்தது பதினெட்டு நிமிடம்கூட இல்லை. மூன்றாவது டவுனில் அவர்கள் 18 முறையில் 12 முறை பிழைத்துக்கொண்டார்கள். ஆட்டம் முழுக்க இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

மில்ரோவைத் திட்டுகிறவர்களுக்கு: எறிந்த 24 பாஸில் 18 கைக்குப் போய்ச் சேர்ந்தது, 310 யார்டு. பந்து கையில் இருந்தபோதெல்லாம் நம் அஃபென்ஸ் (பந்தோடு ஆடும் பதினொரு பேர்) அடித்தது. ஒரு இன்டர்செப்ஷன் (ஃபான்டனெட் பறித்தது), நாலாவது குவார்ட்டரில் ஒரு ஃபம்பிள் (கையிலிருந்து பந்து நழுவியது), இரண்டும் பெரிய தவறுகள்தான். ஆனால் 35 பாயிண்ட் எடுத்த அணி தோற்றதற்கு அஃபென்ஸை முதலில் கூண்டில் ஏற்றினால் எப்படி?

எதிரணியைத் தடுக்கும் டிஃபென்ஸுக்கு வாருங்கள். ஜார்ஜியா ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் 27, இன்று 40. ஆறு குவார்ட்டரில் 67 பாயிண்ட். அந்த இரண்டாம் பாதியிலேயே ஓட்டை தெரிந்தது. ரயன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் 75 யார்டு டச்டவுன் போட்டு அதை மூடினான். ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் அதைப் பேசவில்லை.

ஹூஸ்டன்_ஆனை | இரவு 8:22

67-ல் ஃபான்டனெட்டின் டச்டவுனையும் சேர்த்துவிட்டீர்கள். அது மில்ரோ கொடுத்தது, டிஃபென்ஸ் கொடுத்தது இல்லை.

மூன்றாம்_டவுன் | இரவு 8:25

சரி, ஏறக்குறைய 60. ஆறு குவார்ட்டருக்கு 60 என்றால் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

சும்மா_பார்க்கிறேன் | இரவு 8:31

நான் புதிது. கணவர் அலபாமாவில் படித்தவர், இப்போது சோபாவில் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறார். அவரிடம் கேட்க முடியாது, இங்கே கேட்கிறேன். மூன்றாவது டவுன் என்று எல்லாரும் ஏன் இத்தனை சொல்கிறீர்கள்?

மூன்றாம்_டவுன் | இரவு 8:44

நல்ல கேள்வி அக்கா. பந்து வைத்திருக்கும் அணிக்கு 10 யார்டு தாண்ட நாலு வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன். தாண்டிவிட்டால் மறுபடியும் புதிதாக நாலு. நாலாவதில் பெரும்பாலும் ரிஸ்க் எடுக்காமல் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் உண்மையான பரீட்சை மூன்றாவது. அங்கே நிறுத்தினால் டிஃபென்ஸ் வெளியே வந்து மூச்சு வாங்கலாம், நம் அஃபென்ஸ் உள்ளே போகும். நிறுத்தாவிட்டால் அதே பதினொரு பேர் மறுபடியும் நிற்க வேண்டும். இன்று 12 தடவை அப்படி நின்றார்கள். நாலாவது குவார்ட்டரில் கால்கள் ஓடவில்லை.

இதில் வாண்டியின் தந்திரம் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பந்தை எடுக்கக் கொடுக்கும் நேரம் கடைசி நொடிகளுக்கு வரும் வரை எடுக்கவே மாட்டார்கள். பலம் குறைந்த அணி பலசாலியை ஜெயிக்க வேண்டுமானால் ஆட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். அவர்கள் செய்தது அதுதான். இரண்டே முக்கால் நிமிடம் மிச்சம் இருக்கும்போது நாம் 40-35க்கு வந்தோம். அதற்குப் பிறகு பந்து நம்மிடம் திரும்பி வரவே இல்லை, பார்த்தீர்களா? அதுவும் மூன்றாவது டவுன் கதைதான்.

சும்மா_பார்க்கிறேன் | இரவு 8:50

நன்றி தம்பி. சோபாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். முனகினார்.

ஆபர்ன்காரன் | இரவு 9:02

வார் ஈகிள்! உங்கள் பரம எதிரி ஆபர்னின் கோஷத்தோடு வந்திருக்கிறேன். என்ன ஒரே அமைதி? வாண்டர்பில்ட்டிடம் தோற்றுவிட்டு எண்கணிதம் நடக்கிறதா?

கிரிம்சன்_கண்ணன் | இரவு 9:05

வாங்க வாங்க. இன்று எங்களை அடித்த குவார்ட்டர்பேக் டியேகோ பவியா போன வருடம் எங்கே இருந்தார் தெரியுமா? நியூ மெக்சிகோ ஸ்டேட். நவம்பரில் உங்கள் சொந்த மைதானத்துக்கு வந்து 31-10 என்று உங்களை அடித்துவிட்டுப் போனவரும் அவர்தான். நீங்கள் அவர்களுக்கு வரப் பணமும் கொடுத்தீர்கள்.

ஆபர்ன்காரன் | இரவு 9:06

அதனால்தான் சொல்கிறேன், அனுபவம் பேசுகிறது. வலிக்கும்.

வாண்டி_வித்யா | இரவு 10:48

உள்ளே வரலாமா? அடிக்கமாட்டீர்களே? நாஷ்வில்லில் வேலை, வாண்டர்பில்ட் ஆராய்ச்சிக்கூடத்தில். என் ஊர்க்காரர்கள் கோல்போஸ்ட்டைப் பிடுங்கிப் பிராட்வே தெரு வழியாகத் தோளில் சுமந்துகொண்டு போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டுவிட்டார்கள். இரண்டரை மூன்று மைல் நடை. மதுக்கடைகளில் பாட்டுக் கேட்க வந்த சுற்றுலாக்காரர்களுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை, கையில் கோப்பையோடு அவர்களும் கூடவே வந்தார்கள்.

உங்களைச் சீண்ட வரவில்லை. பாமாவுக்கு என்ன ஆனது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள், வாண்டி என்ன செய்தது என்பதையும் கொஞ்சம் பேசுங்கள். எங்கள் கோச் கிளார்க் லீ இதே கல்லூரியில் ஆடியவர். போன சீசன் 2 வெற்றி, 10 தோல்வி. இந்த வருடம் நியூ மெக்சிகோ ஸ்டேட்டிலிருந்து பவியாவை மட்டும் கூட்டிவரவில்லை. அங்கே அஃபென்ஸ் நடத்திய டிம் பெக், தலைமைக் கோச்சாக இருந்த ஜெரி கில், பாஸ் பிடிக்கும் டைட் எண்ட் எலி ஸ்டவர்ஸ், எல்லாரும் வந்தார்கள். ஒரு முழு அடுப்படியையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல. பவியா இன்று 20-க்கு 16. ஸ்டவர்ஸ் ஒருவர் மட்டும் 113 யார்டு. பெரிய பள்ளிகள் எதுவும் பவியாவைத் தேடிப் போகவில்லை. ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு வந்தவர்.

மூன்று வாரத்துக்கு முன் ஜார்ஜியா ஸ்டேட்டிடம் நாங்கள் தோற்றதையும் நானே சொல்லிவிடுகிறேன், யாராவது எடுத்து வீசுவதற்குள்.

வேளச்சேரி_டைட் | இரவு 10:55

வாழ்த்துகள் வித்யா. மனதார இல்லை, ஆனாலும் வாழ்த்துகள்.

இன்னொன்றும் இருக்கிறது. சில நாள் முன்பு டிவி நிகழ்ச்சியில் சேபனே சொன்னார்: நம் லீக்கான எஸ்.இ.சி.யில் போய் ஆடக் கஷ்டமில்லாத ஒரே இடம் வாண்டர்பில்ட், அங்கே அவர்களைவிட நம் ரசிகர்கள்தான் அதிகம் என்று. கோச்சாக இருந்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்காது. எதிரணிக்குத் தூண்டுகோல் கொடுக்காதீர்கள் என்று பதினேழு வருடம் பத்திரிகைக்காரர்களைத் திட்டியவர்!

வாண்டி_வித்யா | இரவு 10:58

அதை எங்கள் ஆட்கள் நன்றாகவே கேட்டார்கள்.

நெறியாளர் | இரவு 11:20

மில்ரோவைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மலாக்கை மூரைப் பற்றிய ஒன்றையும். கடைசி நொடிகளில் கேப்டன் கோபத்தில் பந்தை உதைத்தது தவறு, அதைத் தவறு என்று எழுதலாம். ஆனால் இவர்கள் இருபது வயதைத் தாண்டிய கல்லூரிப் பிள்ளைகள். குடும்பத்தை இழுப்பது, நிறத்தைப் பற்றிப் பேசுவது இதெல்லாம் இங்கே நடக்காது. கோச்சை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள், வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்குமேல் வாங்குகிறார்.

பழைய_பாமா_84 | அக்டோபர் 6, காலை 6:10

எல்லாரும் ஒரு எண்ணைச் சொல்கிறார்கள்: 1984-க்குப் பிறகு வாண்டர்பில்ட் நம்மை ஜெயிப்பது இதுதான் முதல் முறை. அந்த 1984-ல் நான் பாமாவின் ஊரான டஸ்கலூசாவில் மேற்படிப்பு மாணவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேர் பிரையண்ட் 25 சீசன் நம் கோச்சாக இருந்தார். ஆறு தேசிய பட்டங்கள், மொத்தம் 323 வெற்றிகள். 1982 டிசம்பரில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டு ஓய்வு பெற்றார். நாலே வாரத்தில், 1983 ஜனவரி 26, மாரடைப்பில் இறந்துபோனார். டஸ்கலூசாவிலிருந்து பர்மிங்ஹாம் இடுகாடு வரை நெடுஞ்சாலையின் இரு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ரே பெர்கின்ஸ். வெளியாள் இல்லை, பிரையண்ட்டிடமே ஆடியவர், தொழில்முறை அணியான நியூயார்க் ஜயண்ட்ஸின் கோச் வேலையை விட்டுவிட்டு வந்தவர்.

வந்ததும் இரண்டு காரியம் செய்தார். பிரையண்ட் பத்து வருடத்துக்குமேல் ஆடிய, பெரும்பாலும் பந்தோடு ஓடியே முன்னேறும் விஷ்போன் ஆட்டமுறையைத் தூக்கிப் போட்டார். பயிற்சி மைதானத்தில் பிரையண்ட் ஏறி நின்று பார்க்கும் கோபுரத்தையும் இறக்கிவிட்டார். முதலாவதை ஜனங்கள் சகித்துக்கொண்டார்கள். இரண்டாவதை மன்னிக்கவில்லை. கோபுரத்தில் ஏறுவது அவருடைய பாணி இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அது வேறு மாதிரி தெரிந்தது.

முதல் வருடம் 8-4, தப்பித்தார். இரண்டாவது வருடம் 1984: பாஸ்டன் காலேஜிடம் தோல்வி, ஜார்ஜியா டெக்கிடம் தோல்வி, அப்புறம் வாண்டர்பில்ட்டிடம் 30-21. சீசன் முடிவில் 5-6. தோல்விகள் வெற்றிகளைவிட அதிகமான வருடம், 1957-க்குப் பிறகு அதுதான் முதல். கடைக்காரர், பஸ் ஓட்டுநர், என் பேராசிரியர் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "கோச் பிரையண்ட் இருந்திருந்தால் இது நடந்திருக்காது." கண்ணன் தம்பி கேட்ட அதே கேள்வி, நாற்பது வருடம் முன்பு, அதே வாண்டர்பில்ட்.

கிரிம்சன்_கண்ணன் | காலை 8:30

ஐயா, படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. பெர்கின்ஸுக்கு அப்புறம் என்ன ஆனது?

பழைய_பாமா_84 | காலை 9:05

1986-ல் பத்து வெற்றி. அதுவரை ஒரு தடவைகூட ஜெயிக்க முடியாத நோட்டர் டேமை ஜெயித்தார். யாருக்கும் அது நினைவில் இல்லை. அந்த சீசன் முடிந்ததும் டாம்பா பே அணிக்குப் போய்விட்டார். அடுத்து வந்த பில் கரி ஜார்ஜியா டெக் ஆள். மூன்று வருடத்தில் 26 வெற்றி, 10 தோல்வி, ஆனால் ஆபர்னை ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. 1988-ல் ஓல் மிஸ்ஸிடம் தோற்ற பிறகு அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் விழுந்தது. 1990-ல் ஜீன் ஸ்டாலிங்ஸ் வந்தார், முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. அப்போதும் ஊர் கொதித்தது. 1992-ல் அவர்தான் தேசிய பட்டம் வாங்கித் தந்தார்.

ஹூஸ்டன்_ஆனை | காலை 9:40

ஐயா சொல்வதைக் கேட்டால் டிபோரைப் பத்து வருடம் பொறுத்துக்கொள் என்கிற மாதிரி இருக்கிறது. பிரையண்ட் காலம் வேறு. இன்று ஒரு வீரனுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பேர் போட்டுவிட்டு டிசம்பரிலேயே போய்விடுவான். பொறுமையாக அணி கட்டுவதெல்லாம் இனி கிடையாது. கோச் ஜிம்போ ஃபிஷரை வெளியே அனுப்ப டெக்சஸ் ஏ அண்ட் எம் 7 கோடி டாலருக்குமேல் கொடுக்கச் சம்மதித்தது. பணத்துக்குப் பயந்து யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

என் குற்றச்சாட்டு இதுதான்: ஒழுங்கு போய்விட்டது. சேபன் அணி ஜார்ஜியாவை ஜெயித்த மறுநாளே அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடும். இவர்கள் வியாழக்கிழமை வரை கொண்டாடியிருக்கிறார்கள் என்று ஆடிய லட்சணத்திலேயே தெரிந்தது. கேப்டனே பந்தை உதைக்கிறார்.

மூன்றாம்_டவுன் | காலை 10:20

வியாழக்கிழமை வரை கொண்டாடியதை எங்கே பார்த்தீர்கள்? தோற்ற எல்லா அணியும் ஒழுங்கில்லாத அணியாகத்தான் தெரியும்.

போர்ட்டல் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அது என் பக்கம் நிற்கும் வாதம். சேபன் ஓய்வை அறிவித்தது ஜனவரி 10. டிபோர் பெயர் வந்தது 12. இடையில் இரண்டே நாள். கோச் மாறியதும் வீரர்களுக்கு முப்பது நாள் கதவு திறந்தது. கேலப் டவுன்ஸ் ஓஹையோ ஸ்டேட் போனார். நாட்டிலேயே சிறந்த சேஃப்டி (பின்வரிசைக் காவலர்) அவர். ஜூலியன் சேயினும் அங்கேயே. ஐசேயா பாண்ட் டெக்சஸ். டாலஸ் டர்னர், டெரியன் ஆர்னல்ட், கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரி மூவரும் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். மூரைத் தவிர போன வருடப் பின்வரிசை பெரும்பாலும் காலி. இப்போது அங்கே நிற்பவர்கள் யார்? யு.எஸ்.சி.யிலிருந்து டோமானி ஜாக்சன், மிச்சிகனிலிருந்து கியான் சாப், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வந்த ஜேபியன் பிரவுன். திறமைசாலிகள்தான். ஆனால் சேர்ந்து ஆடி ஐந்தாவது ஆட்டம்.

பவியா மூன்றாவது டவுனில் திரும்பத் திரும்பத் தப்பித்தது எப்படி என்று மறு ஒளிபரப்பைப் பாருங்கள். பின்வரிசையில் ஒருவர் மண்டலம் காக்கிறார், பக்கத்தில் இருப்பவர் ஆளைப் பின்தொடர்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்டவர்ஸ் தனியாக நிற்கிறார். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமை. டிஃபென்ஸ் கோச் கேன் வோமாக் கொண்டுவந்த 4-2-5 டிஃபென்ஸ் (முன்னே நாலு, நடுவில் இரண்டு, பின்னே ஐந்து பேர்) சேபன் காலத்து முறையில்லை, புதிதாகக் கற்க வேண்டும். அதனால் டிபோருக்கும் வோமாக்குக்கும் பொறுப்பு இல்லை என்று சொல்லவில்லை. ஆறு குவார்ட்டரில் எதையும் மாற்றாததற்கு அவர்கள்தான் பொறுப்பு. குற்றத்தைச் சரியான இடத்தில் வையுங்கள் என்கிறேன்.

ஹூஸ்டன்_ஆனை | காலை 10:31

நீளமாக எழுதினாலும் 40 பாயிண்ட் 40 பாயிண்ட்தான் நண்பரே.

நாக்ஸ்வில்_நடேசன் | காலை 11:15

2007-ஐ யாரும் தொடவில்லையே? சேபனின் முதல் சீசன், நவம்பர் 17, டஸ்கலூசாவிலேயே லூசியானா-மன்ரோவிடம் 21-14. அந்தப் பள்ளியின் பெயரை வரைபடத்தில் தேட வேண்டியிருந்தது. தோல்விக்குப் பிறகு பத்திரிகையாளர் சந்திப்பில் சேபன் செப்டம்பர் 11-ஐயும் பேர்ல் ஹார்பரையும் உதாரணம் காட்டிப் பேசி நாடு முழுக்கக் கேலிக்கு ஆளானார். அந்த வருடம் 7-6. இதே மாதிரி ஒரு மன்றத்தில் அவரைத் துரத்தச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

அதற்கப்புறம் பட்டியலில் இடமில்லாத அணிகளை வரிசையாக 100 ஆட்டம் ஜெயித்தார். 2021-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் வந்துதான் அதை உடைத்தது.

ஹூஸ்டன்_ஆனை | காலை 11:24

இந்த ஒப்பீடு ஒவ்வொரு தடவையும் வரும், ஒவ்வொரு தடவையும் பொருந்தாது. 2007-ல் சேபனுக்குக் கிடைத்தது நொந்துபோன அணி. டிபோருக்குக் கிடைத்தது எஸ்.இ.சி. சாம்பியன், தேசிய பட்டத்துக்கான பிளேஆஃப் ஆடிய அணி. இடிந்த வீட்டைக் கட்ட வந்தவரையும், கட்டிமுடித்த வீட்டின் சாவியை வாங்கியவரையும் ஒன்றாக்காதீர்கள்.

நாக்ஸ்வில்_நடேசன் | காலை 11:36

சாவி கொடுத்த இரண்டாவது வாரமே பாதிக் கதவு ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போனதை மேலே எழுதியிருக்கிறாரே?

அப்புறம், டிபோர் ஒன்றும் புதுப்பையன் இல்லை. சூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் 67 வெற்றி, 3 தோல்வி, மூன்று பட்டம். வாஷிங்டனில் 25-3, தேசிய இறுதி ஆட்டம் வரை போனார். எல்லாம் சேர்த்து 104-12. இந்தக் கணக்கோடு வந்தவரை ஐந்தாவது ஆட்டத்தில் எடை போடுவதா?

வேளச்சேரி_டைட் | காலை 11:50

நேற்று அவருடைய பழைய வாஷிங்டன் மிச்சிகனை 27-17 என்று ஜெயித்திருக்கிறது. அவரையே இறுதி ஆட்டத்தில் தோற்கடித்த அதே மிச்சிகனை. பாவம் மனிதர், எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

கிரிம்சன்_கண்ணன் | பிற்பகல் 2:40

புதிய பட்டியல் வந்துவிட்டது. ஏழாவது இடம். இதைவிடக் கீழே எதிர்பார்த்தேன். டென்னசி ஆர்க்கன்சாவிடம், மிசூரி ஏ அண்ட் எம்மிடம், யு.எஸ்.சி. மினசோட்டாவிடம் என்று நேற்று பெரிய தலைகள் பல உருண்டதால் பிழைத்தோம். எஸ்.இ.சி. நிர்வாகம் மைதானத்தில் ரசிகர்கள் இறங்கியதற்கு வாண்டிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டிருக்கிறது.

வாண்டி_வித்யா | பிற்பகல் 2:52

சந்தோஷமாகக் கட்டுவோம். தேவைப்பட்டால் என்னிடமிருந்தும் இருபது டாலர்.

சும்மா_பார்க்கிறேன் | பிற்பகல் 3:30

சோபாவிலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது: பிளேஆஃப் வாய்ப்பு போச்சா?

நாக்ஸ்வில்_நடேசன் | பிற்பகல் 3:38

போகவில்லை. இந்த வருடம்தான் முதல் முறையாக 12 அணிகள். ஐந்து லீக் சாம்பியன்கள் போக ஏழு இடம் மற்றவர்களுக்கு. ஒரு தோல்வி தாங்கும், இரண்டு ஒருவேளை தாங்கும். மூன்று என்றால் கமிட்டியின் கருணை. சோபாவை எழுந்து சாப்பிடச் சொல்லுங்கள்.

பழைய_பாமா_84 | அக்டோபர் 7, காலை 5:55

ஹூஸ்டன் நண்பர் நான் பொறுமையை வேண்டியதாக எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பெர்கின்ஸ் நல்ல கோச்சா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் அவரைப் பார்க்கவே இல்லை என்பது மட்டும் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்திலும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது காலியான கோபுரத்தை.

டிபோர் விஷயத்தில் அது இன்னும் சிக்கல். பிரையண்ட் இறந்துவிட்டார். சேபன் நலமாக இருக்கிறார், நல்லவேளை. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் டிவியில் வந்து பேசுகிறார், பிரையண்ட்-டென்னி மைதானத்தில் அவருக்கு அலுவலகமும் இருக்கிறது. போன மாதம்தான் ஆடுகளத்துக்கே அவர் பெயரை வைத்தோம், நானும் போய்க் கைதட்டினேன். புதியவர் ஒவ்வொரு வீட்டு ஆட்டத்திலும் முன்னவர் பெயர் எழுதிய புல்லில் நின்று ஆட வேண்டும். இந்தத் தோல்விக்கு அது காரணமில்லை. மூன்றாவது டவுன்தான் காரணம், தம்பி சரியாகச் சொன்னார். ஆனால் தோற்றால் இந்த ஊர் எப்படிப் பேசும் என்பதற்கு அதுதான் காரணம்.

ஹூஸ்டன்_ஆனை | காலை 8:12

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். நான் பார்ப்பது கோபுரத்தை இல்லை, ஸ்கோர்போர்டை. டென்னசியிடமும் இப்படி ஆடினால் நீங்களும் என் பக்கம் வந்துவிடுவீர்கள்.

பழைய_பாமா_84 | காலை 8:20

வந்தாலும் வருவேன்.

வேளச்சேரி_டைட் | அக்டோபர் 12, பிற்பகல் 3:05

சவுத் கரோலைனா ஆட்டம் முடிந்தது. 27-25. ஜெயித்தோம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொந்த மைதானத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது டச்டவுன் கொடுத்தோம். டச்டவுனுக்குப் பிறகு சமன் செய்யப் பார்த்த இரண்டு பாயிண்ட் முயற்சியில் அவர்கள் தவறியதால் தப்பித்தோம். அப்புறம் ஆன்சைட் கிக்கையும் (உதைத்த அணியே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் சின்ன உதை) அவர்கள் கையில் விட்டோம். டோமானி ஜாக்சன் கடைசியில் பந்தைப் பறிக்காவிட்டால் நான் இன்று வீட்டில் யாரிடமும் பேசியிருக்க மாட்டேன்.

மூன்றாம்_டவுன் | பிற்பகல் 3:40

பறித்தது யார் என்று கவனியுங்கள், போர்ட்டலில் வந்த பையன். ஆனாலும் இந்த வாரம் என் வாதம் பலவீனமாகிவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இன்று அஃபென்ஸும் திணறியது. 35 எடுத்தும் தோற்றால் டிஃபென்ஸைச் சொல்லலாம். 27 எடுத்துத் தத்தளித்தால் யாரைச் சொல்வது?

ஹூஸ்டன்_ஆனை | பிற்பகல் 3:44

நான் சொல்லட்டுமா யாரென்று?

மூன்றாம்_டவுன் | பிற்பகல் 3:45

வேண்டாம், தெரியும்.

நாக்ஸ்வில்_நடேசன் | பிற்பகல் 4:30

19-ஆம் தேதி டென்னசியின் நேலண்ட் மைதானத்தில் ஒரு லட்சம் பேர் ஆரஞ்சுச் சட்டையில் கத்துவார்கள். அங்கே மூன்றாவது டவுனில் நம் பின்வரிசை ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாது. கை ஜாடையை இந்த வாரமே சரிசெய்துகொண்டால் நல்லது.

என்னிடம் இரண்டு டிக்கெட் மிச்சம் இருக்கிறது, மேல் தளம், டென்னசி ரசிகர்களுக்கு நடுவில். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு வரத் தைரியம் உள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

சும்மா_பார்க்கிறேன் | பிற்பகல் 4:36

அனுப்பியிருக்கிறேன். இரண்டும் எங்களுக்கே வேண்டும். நான்கூட வருகிறேன், இப்போது மூன்றாவது டவுன் புரிகிறது.